எவ்வளவு தெளிவு போதும்? உகாண்டாவில் எட்டு நாட்கள்

முதல் நாள்: என்டெபே, கம்பாலா

விமானம் என்டெபேயில் இறங்கியபோது விக்டோரியா ஏரியின் மேல் இன்னும் விடிந்திருக்கவில்லை. சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்த பெண் அதிகாரி, மல்டிமீட்டரையும் காந்தப்புலத்தை அளக்கும் காஸ்மீட்டரையும் பித்தளை ஸ்பானர்களையும் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு, நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். மருத்துவமனைகளில் உடலுக்குள் படம் எடுக்கும் கருவிகளைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னேன். "எங்கள் ஊர் மருத்துவமனையில் இருப்பது இரண்டு ஆண்டுகளாக ஓடவில்லை, அதையும் பாருங்கள்" என்று சொல்லிப் பெட்டியை அவரே மூடிக்கொடுத்தார்.

இந்தப் பயணத்தின் காரணத்தை இன்றே எழுதிவிடுகிறேன். பதினாறு ஆண்டுகள் எக்ஸ்ரே, சி.டி. கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளராக வேலை செய்த நான், கடந்த மூன்று ஆண்டுகளாக நண்பர்கள் நால்வரோடு சேர்ந்து, சிறிய மருத்துவமனைகள் வாங்கக்கூடிய எக்ஸ்ரே கருவி ஒன்றை வடிவமைத்து வருகிறேன். இதுவரை இரண்டு மாதிரிகள் செய்திருக்கிறோம். இரண்டாவது மாதிரி எங்கள் பட்டறையில் நான்கு மாதங்கள் குறையில்லாமல் ஓடியது. ஒரு சிறிய மருத்துவமனையில் கொண்டுபோய் வைத்த ஆறாம் நாள், மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பிய கணத்தில் அதன் மின்னேற்றும் பலகை கருகிவிட்டது. பட்டறையில் சரியாக இருப்பதும் மருத்துவமனையில் சரியாக இருப்பதும் வேறு வேறு என்பது பழுதுபார்ப்பவளாக எனக்கு எப்போதோ தெரியும். ஆனால் வடிவமைப்பவளாக அமர்ந்தபோது அதை மறந்திருந்தேன்.

2011இல் பெர்ரி, மால்கின் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றை எங்கள் துறையில் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். வசதி குறைந்த 16 நாடுகளின் மருத்துவமனைப் பட்டியல்களில் இருந்த 1,12,040 கருவிகளை அவர்கள் கணக்கெடுத்ததில், 38.3 விழுக்காடு செயல்படாமல் கிடந்தன. பயிற்சியின்மை, பராமரிப்பு நிர்வாகக் குறை, மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளின் குறை ஆகிய மூன்றையும் அவர்கள் காரணங்களாகச் சொன்னார்கள். என் பார்வையில் நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை, அவை கடைசியாக வந்து சேர்ந்த அறையை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களால் வரையப்பட்டவை.

இரண்டாம் நாள்: மசாக்கா சாலையில் ஒரு மருத்துவமனை

மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை; அங்குள்ளவர்கள் என்னை நம்பிக் கதவைத் திறந்துவிட்டார்கள். எக்ஸ்ரே அறையில் ஐரோப்பாவிலிருந்து நன்கொடையாக வந்த பெரிய கருவி ஒன்று இருக்கிறது. அது ஓடுகிறது என்பதையும், ஓட வேண்டிய விதத்தில் ஓடவில்லை என்பதையும் அங்குள்ள டெக்னீஷியன் பொறுமையாக எனக்கு விளக்கினார். என்னை அவர் "ந்யாபோ" என்று அழைத்தார். நம்மூரில் "அம்மா" என்று மரியாதையாக விளிப்பதைப் போன்ற சொல் அது.

கருவிக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும். மருத்துவமனைக்கு அது வருகிறது. ஆனால் டிரான்ஸ்பார்மர் வெகு தொலைவில் இருப்பதால், படம் எடுக்கும் நொடியில் கருவி ஒரே மூச்சில் மின்சாரத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து, கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. டெக்னீஷியன் இதற்குத் தானே ஒரு வழி கண்டிருக்கிறார். மில்லியாம்பியரைக் குறைத்து, நேரத்தை நீட்டி, எல்லா உடற்பகுதிகளுக்கும் புதிய அட்டவணை ஒன்றைக் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். கை, கால் எலும்புகளுக்கு அது போதும். நெஞ்சுப் படத்துக்கு வரும்போதுதான் சிக்கல்; நேரம் நீண்டால் குழந்தைகள் மூச்சை அடக்குவதில்லை, இதயமும் நிற்பதில்லை, படம் கலங்கிவிடுகிறது. நிமோனியாவா இல்லையா என்று பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு மூட்டம் மட்டுமே தெரிகிறது.

சுவர் பிளக்கில் மல்டிமீட்டரைச் செருகி வைத்துவிட்டு நாள் முழுவதும் குறித்துக்கொண்டேன். காலை பத்து மணிக்கு 231 வோல்ட், நண்பகலில் 188, இரண்டு மணிக்கு மின்வெட்டு, மூன்றேகாலுக்கு மின்சாரம் திரும்பியபோது சில நொடிகளுக்கு 262. எங்கள் பலகை கருகியதற்கான விளக்கம் அந்தக் கடைசி எண்ணில் இருந்தது.

மின்சாரம் பற்றாததுதான் கோளாறு என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அப்படியில்லை. ஒரு நெஞ்சுப் படத்துக்கு 100 கிலோவோல்ட்டும் 4 மில்லியாம்பியர்-நொடியும் என்று வைத்துக்கொண்டால், ஆகும் ஆற்றல் ஏறத்தாழ 400 ஜூல். ஒரு 40 வாட் பல்பு பத்து நொடி எரிய ஆகும் ஆற்றல்தான் அது. ஆனால் மூச்சும் துடிப்பும் படத்தைக் கலைக்காதபடி அதை ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் கொட்டியாக வேண்டும். அப்போது தேவைப்படுவது 20 கிலோவாட். இங்குள்ள 13 ஆம்பியர் பிளக் கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 3 கிலோவாட். குழாயில் நூலாக வரும் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டியில் மெல்ல நிரப்பி வைத்துக்கொண்டு, வேண்டியபோது திறந்துவிடுவது போன்ற ஏற்பாடு ஒன்று இருந்தால், பிளக் எவ்வளவு பலவீனமாக இருந்தாலும் படம் தெளிவாக வரும்.

இது புதிய எண்ணம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1970களிலும் 80களிலும் உருவாக்கிய அடிப்படை எக்ஸ்ரே அமைப்பு இந்தக் கொள்கையில்தான் எழுந்தது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தூரே ஹோல்ம் அதன் முன்னோடிகளில் ஒருவர். ஆற்றலைச் சேமித்து வைத்துக்கொண்டு படம் எடுக்கும் ஜெனரேட்டர் அதில் உண்டு. எக்ஸ்ரே குழாயும் படத்தட்டும் ஒரே கையின் இரு முனைகளில் எப்போதும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தபடி பூட்டப்பட்டிருந்ததால், இயக்குபவர் தூரத்தையும் கோணத்தையும் தவறவிட வழியே இல்லை. பின்னாளில் விஸ்-ராட் என்ற பெயரில் அது தொடர்ந்தது. பரவ வேண்டிய அளவுக்குப் பரவவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே யோசித்து முடித்த ஒன்றை அறியாமல் எங்கள் முதல் மாதிரியில் எட்டு மாதங்களைச் செலவிட்டோம்.

மூன்றாம் நாள்: மபராரா செல்லும் வழி

நாள் முழுவதும் பேருந்துப் பயணம். கயாப்வேயில் நிலநடுக்கோட்டைக் கடந்தோம். சாலையோரத்தில் சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டித் தரும் "ரோலெக்ஸ்" சாப்பிட்டேன். இந்த நாட்டுக்குச் சப்பாத்தி இந்தியர்களோடு வந்தது. லியன்டோண்டேயைத் தாண்டியதும் ஆளுயரக் கொம்புகளுடன் அங்கோலே மாடுகள் தென்படத் தொடங்கின. மாலையில் குளிர் இறங்கிவிட்டது. கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் இது. பகலில் வெயில், இரவில் போர்வை. இந்த வெப்ப வேறுபாடு நாளைக்கு முக்கியமாகும் என்பதால் குறித்து வைக்கிறேன்.

நான்காம் நாள்: மபராரா

"அகாண்டி" என்றால் நலமா என்று பொருள்; "நி மருங்கி" என்றால் நலம். இந்த இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டு, 1989இல் தொடங்கப்பட்ட மபராரா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நான் ஊரிலிருந்து புறப்பட்டதே இங்கே இருக்கும் எளிய எம்.ஆர்.ஐ. கருவியைக் காண்பதற்காகத்தான்.

கருவியைச் சொல்வதற்கு முன் அதன் எதிரிடையைச் சொல்லிவிடுகிறேன். நம் நகரத்து மருத்துவமனைகளில் இருக்கும் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் 1.5 டெஸ்லா வகையைச் சேர்ந்தது; டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு. அதன் காந்தம் பல டன் எடையுள்ளது. உள்ளேயிருக்கும் மீக்கடத்திக் கம்பிச் சுருளை மைனஸ் 269 டிகிரியில் வைத்திருக்கத் திரவ ஹீலியம் வேண்டும். ரேடியோ அலைகள் நுழையாதபடி அறை முழுவதற்கும் செப்புக் கவசம் வேண்டும். குளிரூட்டும் இயந்திரம் இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும். அண்மைக்காலத்தில் பெரிய நிறுவனங்களும் இதை எளிமையாக்க முயன்றிருக்கின்றன. பிலிப்ஸ் 2018இல் கொண்டுவந்த காந்தம் 7 லிட்டர் ஹீலியத்தை மூடிய கலத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்கிறது. இருந்தாலும் விலையும் எடையும் மின்தேவையும் இந்த வட்டாரத்து மருத்துவமனைக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கின்றன.

நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஆண்ட்ரூ வெப்பின் குழு இதற்கு நேர்மாறான திசையில் நடந்தது. டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஷிஃப் குழுவும், மபராராவும் அதில் கைகோத்தன. பென் ஸ்டேட்டில் குழந்தைகளின் மூளைநீர்த் தேக்கத்துக்கான எம்.ஆர்.ஐ. பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்த ஜோன்ஸ் ஒபுங்கோலோச் மபராராவில் இந்தப் பணியை முன்னெடுத்தார். 2022இல், அனுப்பப்பட்ட பாகங்கள் இங்கே வந்து இறங்கியதிலிருந்து முதல் படம் திரையில் தெரிந்தது வரை ஆனது 11 நாட்கள். பயிற்றுநர்கள் நால்வர் நேரில் நின்று வழிகாட்ட, காந்தங்களைத் தரம்பிரிப்பதும் சுருள்களைச் செய்வதும் அலுமினியத் தள்ளுவண்டி கட்டுவதும் கவசம் போர்த்துவதும் இந்த ஊரிலேயே நடந்தன. இதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பதினோரு நாட்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காந்தத்தின் அருகில் போகும்போது பழக்கத்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். அருகில் நின்ற மாணவி, கழற்றாமலேயே வரலாம் என்று சைகை காட்டினார். காஸ்மீட்டரை வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தேன். ஓரடி தள்ளினால் அளவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. 1980களில் கிளவுஸ் ஹால்பாக் என்ற இயற்பியலாளர் துகள் முடுக்கிகளுக்காக உருவாக்கிய அடுக்குமுறை இது. காந்தக் கட்டைகளை வட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றின் திசையையும் கணக்குப்படி சற்றுச் சற்றுத் திருப்பிக்கொண்டே போனால், வட்டத்துக்குள் புலங்கள் கூடுகின்றன, வெளியே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. லைடன் குழு வெளியிட்ட வடிவமைப்பில் 12 மில்லிமீட்டர் பக்கமுள்ள 2,948 நியோடிமியம் கட்டைகள் 23 வளையங்களில் அமர்ந்திருக்கின்றன. நடுவில் 27 சென்டிமீட்டர் துளை. ஒரு தலை நுழைய அது போதும். எடை ஏறத்தாழ 75 கிலோ. புலம் 50 மில்லிடெஸ்லா, அதாவது நகரத்துக் கருவியின் முப்பதில் ஒரு பங்கு.

ஹீலியம் இல்லை, குளிரூட்டி இல்லை. காந்தத்துக்கு மின்சாரமே வேண்டாம். சாதாரண பிளக்கில் மற்ற பாகங்கள் ஓடுகின்றன.

மாணவி என்னிடம் பயிற்சிக்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் வளையம் ஒன்றையும் கட்டைகள் சிலவற்றையும் கொடுத்தார். முதல் கட்டை பேசாமல் குழியில் அமர்ந்தது. இரண்டாவதை அதன் பக்கத்தில் இறக்கும்போது விரல்களுக்குள்ளேயே அது திரும்பிக்கொண்டது. பசை காயும்வரை மூடி போட்டு அழுத்தி வைத்தால்தான் நிற்கும். இப்படி ஏறத்தாழ மூவாயிரம் முறை. கட்டைகள் எல்லாம் ஒரே வலிமை உள்ளவையும் அல்ல. அவற்றை அளந்து தரம்பிரித்து, வலிமை கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி வளையங்களில் பரப்பினால்தான் நடுவிலுள்ள புலம் சீராகும். பொறுமையும் கவனமும் கேட்கும் வேலை. விலை உயர்ந்த இயந்திரம் எதையும் கேட்காத வேலை. ஒரு நாட்டில் எது மலிவு, எது அரிது என்பதைத் தெரிந்துகொண்டு வடிவமைப்பது என்றால் என்ன என்று அந்த மேசையில் எனக்குப் புரிந்தது.

மாலையில் வெப்பத்தைப் பற்றிக் கேட்டேன். நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரி சூடேறினால் அதன் புலம் ஏறத்தாழ 0.12 விழுக்காடு குறையும். 50 மில்லிடெஸ்லாவில் உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கரு 2.13 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது; அந்த அதிர்வைக் கேட்டுத்தான் எம்.ஆர்.ஐ. படம் வரைகிறது. ஆக, ஒரு டிகிரிக்கு அந்த அதிர்வெண் ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் நகரும். காலையில் பதினாறு டிகிரியும் பிற்பகலில் இருபத்தாறும் இருக்கும் ஏ.சி. இல்லாத அறையில் அது 25,000 ஹெர்ட்ஸ். காலையில் சரிசெய்து வைத்த கருவி பிற்பகலில் வேறெதையோ கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு படத்துக்கு முன்பும் அதிர்வெண்ணை அளந்து, கருவியை அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்கிறார்கள். அறையை மாற்றுவதை விட்டுவிட்டு, அறை மாறும் என்று ஒப்புக்கொண்டு கருவியை எழுதியிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள்: மபராரா

இன்று முழுவதும் இரைச்சலைப் பற்றிப் பேசினோம். காதால் கேட்கும் இரைச்சல் இந்தக் கருவியில் மிகக் குறைவு. தாய் தன் குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். நான் சொல்வது மின் இரைச்சலை. புலம் முப்பதில் ஒரு பங்காகக் குறையும்போது, உடலிலிருந்து வரும் குறிப்பலை அதைவிட வேகமாகக் குறைகிறது. 2 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரேடியோ ஒலிபரப்பு, ஸ்விட்சிங் சார்ஜர், எல்.இ.டி. பல்பு எல்லாம் உரக்கப் பேசுகின்றன. நோயாளியின் உடலே ஆன்டெனாவாகி அவற்றைப் பிடித்து உள்ளே கொண்டுவருகிறது. அறைக்குச் செப்புக் கவசம் கட்டுவதற்குப் பதிலாகக் கருவியை மட்டும் மூடுகிறார்கள். நோயாளியின் மேல் மின்கடத்தும் துணியைப் போர்த்துகிறார்கள். நான் வந்ததும் என் செல்பேசி சார்ஜரைச் செருகினேன். திரையிலிருந்த குறிப்பலையில் உடனே முட்கள் முளைத்தன. பிடுங்கினேன், அடங்கின.

இழந்ததில் ஒரு பகுதியை வடிவமே திருப்பிக் கொடுக்கிறது. ஹால்பாக் அடுக்கில் புலம் துளையின் நீளவாக்கில் ஓடாமல் குறுக்காக ஓடுவதால், குறிப்பலையைப் பிடிக்கத் தலையைச் சுற்றி ஒரு சாதாரணக் கம்பிச்சுருள் போதும். சுருள்களிலேயே உணர்திறன் கூடியது அந்த வடிவம்தான். பிளாஸ்டிக் சட்டத்தில் கையால் சுற்றவும் எளிது. மாணவர்கள் தாங்களே சுற்றிய மூன்று சுருள்களைக் காட்டினார்கள். கம்பி அறுந்தால் கடையில் வாங்கி மறுபடி சுற்றுவோம் என்று ஒருவர் சொன்னார். பதினாறு ஆண்டுகளில் எத்தனை சுருள்களைப் "பழுதுபார்க்க இயலாது, மாற்றவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

எனக்குத் தயக்கங்களும் உண்டு. காந்தமும் மின்பெருக்கிகளும் இன்னும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். வரைபடங்கள் திறந்த முறையில் கிடைப்பதால் மட்டும் ஒரு கருவி மருத்துவக் கருவி ஆகிவிடாது. பாதுகாப்புச் சோதனை, அனுமதி, பொறுப்பேற்கும் ஒருவர் என்று நெடுந்தூரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஹைப்பர்ஃபைன் நிறுவனத்தின் 64 மில்லிடெஸ்லா நகரும் எம்.ஆர்.ஐ. 2020இல் அனுமதி பெற்றது. குறைந்த புலத்திலும் அந்த எல்லையைத் தாண்ட முடியும் என்பதற்கு அது சான்று. மபராராவில் நான் கண்டது ஆய்வுக் கருவி. ஆனால் அதைத் திறக்கவும் மூடவும் தெரிந்த இருபது வயதுக்காரர்கள் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். இதுவரை நான் பார்த்த எந்த எம்.ஆர்.ஐ.யைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது.

ஆறாம் நாள்: ஜிஞ்ஜா, காமுலி

விடியுமுன் கிளம்பி, கம்பாலாவைக் கடந்து, ஜிஞ்ஜாவில் நைல் நதியைத் தாண்டினோம். காமுலி பக்கம் நவன்யாகோ என்ற சிற்றூர் இருக்கிறது. "இமேஜிங் தி வேர்ல்ட்" என்ற அமைப்பு, மருத்துவச்சிகளுக்கு அல்ட்ராசவுண்ட் பயிற்சி கொடுக்கும் பணியை உகாண்டாவில் இங்கிருந்துதான் தொடங்கியது. உறுப்பைத் தேடிப் பிடிக்கும் திறமையை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. தொப்புள், விலா எலும்பு, இடுப்பெலும்பு போன்ற வெளி அடையாளங்களை வைத்துக்கொண்டு, சொன்ன பாதையில் கருவியை ஒரே சீராக இழுத்துச் சென்றால் போதும். பதிவாகும் தொடர்படங்களைச் சுருக்கித் தொலைவில் இருக்கும் மருத்துவருக்கு அனுப்பிவிடுவார்கள். குழந்தை தலைகீழாக இருக்கிறதா, இரட்டையா, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு இது விடை சொல்லிவிடும். கருவியை எளிமையாக்குவதைப் போலவே, கருவியைப் பிடிக்கும் கையின் வேலையை எளிமையாக்குவதும் வடிவமைப்புதான் என்பதை விஸ்-ராட்டின் பூட்டிய கைக்கு அடுத்தபடியாக இங்கே பார்த்தேன்.

ஏழாம் நாள்: ம்பாலே

ம்பாலே எல்கன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்குப் பின்னால் வனாலே மலைமுகடு சுவர்போல எழுந்து நிற்கிறது. இங்கே "முலெம்பே" என்று சொல்லி வரவேற்கிறார்கள். அமைதி என்று பொருள்.

இங்குள்ள கியூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தலையில் நீர் சேர்ந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மூளைக்குள் ஊறும் நீர் வடிய வழியின்றித் தேங்கி, மூளை அறைகள் விரிந்து, தலை பெருத்துக்கொண்டே போகும் நோய் அது. பிறந்த சில வாரங்களில் வரும் தொற்றுக்குப் பிறகு பல குழந்தைகளுக்கு இது வருகிறது. தொற்றுக்கான காரணங்களில் ஒன்றாகப் பேனிபாசில்லஸ் என்ற பாக்டீரியாவை ஷிஃப் குழு 2020இல் அடையாளம் காட்டியது. வழக்கமான சிகிச்சை, மூளையிலிருந்து வயிற்றுக்கு ஷண்ட் என்ற குழாயைப் பதிப்பது. குழாய் அடைத்துக்கொண்டால் உடனே மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும். ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கும் தாய்க்கு அது நடக்கக்கூடியதா? 2000களின் தொடக்கத்தில் இங்கே பணியாற்றிய அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப், எண்டோஸ்கோப் வழியாக மூன்றாம் மூளை அறையின் அடியில் திறப்பு ஏற்படுத்தி, நீரைச் சுரக்கும் திசுவையும் சுட்டுக் குறைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். 2012இல் அவருக்கு மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. இந்த ஊரில் 100 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், ஓராண்டு முடிவில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி இரண்டு முறைகளிலும் வேறுபடவில்லை என்று கண்டார்கள்.

வெளி முற்றத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீலச் சேலை போன்ற துணியால் குழந்தையை முதுகில் கட்டியிருந்த ஒரு தாய், கட்டை அவிழ்த்துக் குழந்தையை மடியில் கிடத்தி, கனத்த தலையின் கீழ் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அந்தக் கையை அவர் ஒரு மணி நேரமும் எடுக்கவில்லை.

இந்தக் குழந்தைக்கு இன்று ஒரு படம் வேண்டும். சிகிச்சைக்குப் பின் மீண்டும் வேண்டும். வளர வளர, நீர் மறுபடியும் சேர்கிறதா என்று பார்க்கத் திரும்பத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் சி.டி. எடுத்தால் வளரும் மூளையில் கதிர்வீச்சு ஏறிக்கொண்டே போகும். எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிர்வீச்சு இல்லை. அந்தப் படத்திடம் மருத்துவர் கேட்பது என்ன? நீர் எங்கே இருக்கிறது, மூளை எவ்வளவு இருக்கிறது, நீருக்கு நடுவே தடுப்புகள் உண்டா என்பவைதான். ஒரு மில்லிமீட்டர் கட்டியைத் தேடும் கேள்வி இது அல்ல. 50 மில்லிடெஸ்லா காந்தம் ஏன் போதும் என்பதற்கான பதில் மபராராவின் ஆய்வகத்தில் இல்லை, இந்த முற்றத்தில் இருக்கிறது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2021இல் வெளியான ஆய்வில், உகாண்டா குழந்தைகளின் சி.டி. படங்களை எடுத்து, நுணுக்கத்தைக் குறைத்து, இரைச்சலைக் கூட்டி, மூளைக்கும் நீருக்கும் உள்ள நிற வேறுபாட்டை மங்கச் செய்து, அனுபவம் வாய்ந்த நிபுணர்களிடம் காட்டி, சிகிச்சையைத் திட்டமிட இது உதவுமா என்று கேட்டார்கள். வழக்கமான தரத்தைவிடக் கணிசமாகக் குறைந்த படங்களையும் உதவும் என்றே அவர்கள் மதிப்பிட்டார்கள். அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் தந்தது. மிக மோசமான படங்களைச் செயற்கை நுண்ணறிவால் மெருகேற்றியபோது அவை பார்வைக்குத் தெளிவாகின, நிபுணர்களுக்கு நம்பிக்கையும் கூடியது. ஆனால் சிலவற்றில் இல்லாத உருவங்கள் முளைத்திருந்தன. மங்கலான படம் தன் மங்கலை மறைப்பதில்லை. அழகான தவறு மறைத்துவிடும். எங்கள் துறையில் இப்போது எல்லோரும் மென்பொருளில் மெருகேற்றுவதைப் பற்றியே பேசுவதால் இதை அழுத்தமாக எழுதுகிறேன்.

இரவு எங்கள் குழுவின் இளையவரைத் தொலைபேசியில் அழைத்தேன். படத்தைப் பதியும் டிடெக்டரின் ஒவ்வொரு புள்ளியும் நுணுக்கமான 100 மைக்ரானா, அதைவிட மலிவான 150 மைக்ரானா என்று ஆறு மாதங்களாக எங்களுக்குள் வாக்குவாதம். நானும் அவரும் 100 மைக்ரான் பக்கம். "தம்பி, நம்ம கருவியில நெஞ்சுப் படம் எதுக்கு எடுக்கப் போறாங்க?" என்று கேட்டேன். "நிமோனியா, காசநோய், எலும்பு முறிவு" என்றார். "இதுல எது 150 மைக்ரான்ல தெரியாது?" என்றேன். சிறிது நேரம் பதில் இல்லை. "மயிரிழை விரிசல் சிலது தவறலாம் அக்கா, மத்தது தெரியும்" என்றார். அந்தச் சிலவற்றை என்ன செய்வது என்பதை மருத்துவர்களோடு உட்கார்ந்து எழுத்தில் முடிவு செய்வோம் என்றும், டிடெக்டரில் மிஞ்சும் பணத்தை மின்சேமிப்புக்கும் மிகை மின்னழுத்தத் தடுப்புக்கும் மாற்றுவோம் என்றும் பேசி முடித்தோம்.

எட்டாம் நாள்: ம்பாலே கடைத்தெரு

கம்பாலா பேருந்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. எங்கள் வரைபடத்தில் மின்சேமிப்புக்கு லித்தியம் மின்கலத் தொகுப்பு ஒன்றைப் போட்டிருந்தோம்; இறக்குமதி, ஒரே நிறுவனம், ஆறு வாரக் காத்திருப்பு. கடைத்தெருவில் சோலார் பலகைகளும் வண்டி பேட்டரிகளும் விற்கும் கடைகள் வரிசையாக இருந்தன. முதல் கடையில் நுழைந்து, இந்த ஊரில் அதிகம் விற்கும் 12 வோல்ட் பேட்டரி எது என்று கேட்டேன். கடைக்காரர் ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தார். பக்கத்துக் கடையிலும் கேட்டேன், அதற்கடுத்த கடையிலும் கேட்டேன். நிறுவனம் வேறு வேறு, அளவு ஒன்றுதான்.

டேப் எடுத்து அளந்தேன். நீளம் 30.5 சென்டிமீட்டர், அகலம் 17.3, முனைகளையும் சேர்த்து உயரம் 22.5. எங்கள் பெட்டியின் உள்ளுயரம் 19. ஆற்றலைச் சேர்த்து வைத்துப் படம் எடுக்கும் நொடியில் கொட்டும் மின்தேக்கியை மெல்ல நிரப்ப இப்படிப்பட்ட பேட்டரிகள் இரண்டு தாராளமாகப் போதும். பெட்டிதான் அவற்றை உள்ளே விடாது. வாங்கப் போகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். ஓர் எக்ஸ்ரே கருவிக்குள் வைப்பதற்காக அளக்கிறேன் என்றதும், அவர் டேப்பின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு, இன்னொரு வகையையும் அளந்து பார்க்கச் சொன்னார். அது அரை சென்டிமீட்டர் உயரம் கூடுதல்.

பெட்டியின் உயரத்தை 25 ஆக்க வேண்டும், முனைகளுக்கு மேலே கை நுழைய இடம் விட வேண்டும், கதவை முன்பக்கம் வைக்க வேண்டும். பேருந்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறேன். சாலை குலுக்குவதால் கோடுகள் நேராக வரவில்லை, எண்கள் சரியாக இருக்கின்றன.